மரத் தண்ணீர்த் தொட்டி: கையால் கட்டும் முதல் ரயில்வே மாடல்

மாடல் ரயில் லேஅவுட், அதாவது தண்டவாளமும் சுற்றுப்புறக் காட்சியும் சேர்ந்த அமைப்பு, வைத்திருப்பவர்கள் கட்டடங்களுக்குப் பெரும்பாலும் பாகங்கள் தயாராக வரும் கிட் வாங்கி ஒட்டுவார்கள். தவறில்லை. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஊரில், ஒரு குறிப்பிட்ட காலத்தில் நின்ற கட்டுமானம்தான் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால் கிட் உதவாது. குச்சி, அட்டை, கம்பி வாங்கி நாமே கட்ட வேண்டியதுதான். இதைத்தான் ஸ்கிராட்ச் பில்டிங் என்கிறார்கள். முதல் முயற்சிக்கே ஸ்டேஷன் கட்டடத்தில் கை வைக்காதீர்கள். ஜன்னல்களே உங்களைச் சோர்வடைய வைத்துவிடும். அமெரிக்க நீராவிக் காலத்து மரத் தண்ணீர்த் தொட்டியில் ஆரம்பியுங்கள். ஜன்னல் இல்லை, கதவு இல்லை, லேஅவுட்டில் பிடிக்கும் இடமும் கொஞ்சம்தான். ஆனாலும் பார்ப்பவர் கண் நேராக அதில்தான் போய் விழும்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது கொலராடோ பக்கத்து மலைப்பாதை. 1870இல் தொடங்கிய டென்வர் அண்ட் ரியோ கிராண்ட் ரயில்வே, 3 அடி அகலக் குறும்பாதையில் ராக்கி மலைகளுக்குள் நுழைந்தது. நியூ மெக்சிகோவின் சாமாவிலிருந்து 10,015 அடி உயரத்தில் இருக்கும் கம்ப்ரெஸ் கணவாய்க்கு ஏறும் பாதையின் சரிவு 4 சதவீதம். அந்த ஏற்றத்தில் நீராவி எஞ்சின் தண்ணீரைக் குடித்துத் தள்ளும். அதனால் வழி நெடுகத் தொட்டிகள் வைத்தார்கள். 1970இல் இரண்டு மாநில அரசுகளும் சேர்ந்து இந்தப் பாதையில் 64 மைலை வாங்கிக் காப்பாற்றின. இன்றும் அங்கே நீராவி ரயில் ஓடுகிறது. சாமாவில் இரண்டு குழாய்கள் கொண்ட மரத்தொட்டியும் நிற்கிறது. புகைப்படங்களுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் தாளும் பென்சிலும்

அளவு எங்கே கிடைக்கும்? அமெரிக்கக் கட்டுமானம் என்றால் நமக்கு ஒரு வசதி உண்டு. பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வைக்கும் அரசுத் திட்டம் அங்கே 1933இல் தொடங்கியது. பாலம், தொழிற்சாலை, ரயில்வே போன்ற பொறியியல் கட்டுமானங்களுக்கென்று 1969இல் தனித்திட்டம் வந்தது. அந்த வரைபடங்களெல்லாம் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இருக்கின்றன, காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். ஊருக்குள் இருந்த கட்டடம் என்றால் சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடங்களையும் பாருங்கள். ஒவ்வொரு கட்டடத்தின் தரைப்பரப்பும் ஓர் அங்குலத்துக்கு 50 அடி என்ற கணக்கில் அவற்றில் இருக்கும். மஞ்சள் நிறம் என்றால் மரக்கட்டடம், இளஞ்சிவப்பு என்றால் செங்கல்.

வரைபடமே இல்லை, புகைப்படம் மட்டும்தான் என்றாலும் வழி உண்டு. படத்தில் அளவு தெரிந்த ஒரு பொருளைத் தேடுங்கள். தண்டவாள இடைவெளி, எஞ்சின், பக்கத்தில் நிற்கும் ஆள், ஏதாவது ஒன்று இருக்கும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: அந்தப் பொருளும் நீங்கள் அளக்கும் பகுதியும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். முன்னால் நிற்கும் ஆளை வைத்துப் பின்னால் உள்ள தொட்டியை அளந்தால், தொட்டி குட்டையாகத்தான் வரும்.

அமெரிக்கப் பாதைகளில் பரவலாக இருந்த ஒரு தொட்டி அளவு 24 அடி விட்டம், 16 அடி உயரம், 50,000 கேலன் கொள்ளளவு. அதையே எடுத்துக்கொள்வோம். எச்ஓ அளவுகோலில், அதாவது 87இல் ஒரு பங்கில், ஓரடி என்பது 3.5 மி.மீ. அடிக்கணக்கை 3.5ஆல் பெருக்கினால் போதும். தொட்டியின் விட்டம் 84 மி.மீ., உயரம் 56 மி.மீ. ஓர் அங்குலம் 0.3 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. தாங்கும் கால்களுக்கு இங்கே 12 அடி உயரம் வைத்திருக்கிறேன், அதாவது 42 மி.மீ. உங்கள் கையில் இருக்கும் வரைபடம் வேறு சொன்னால் அதையே கேளுங்கள்.

அட்டையில் ஒரு வெறும் உருளை செய்து, கால் உயரத்துக்குத் தூக்கி, லேஅவுட்டில் வைத்துப் பாருங்கள். உங்களிடம் உள்ள எஞ்சின்களில் அகலமானதைப் பக்கத்தில் ஓட்டுங்கள். இடிக்கிறதா, தொட்டியின் குழாய் டெண்டரை (எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீரும் எரிபொருளும் சுமந்து வரும் வண்டியை) எட்டுமா என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும். பலர் தாண்டிப்போகும் படி இது.

தொட்டி எப்படி நின்றது?

கத்தியை எடுக்கும் முன் இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அளவெல்லாம் சரியாக இருந்தும் ஒரு மாடல் பொம்மை போலத் தெரிகிறது என்றால், செய்தவருக்கு அதன் பாரம் எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை என்றுதான் பெரும்பாலும் அர்த்தம்.

50,000 கேலன் தண்ணீரின் எடை சுமார் 189 டன். 1925இல் பால்ட்வின் நிறுவனம் இந்தப் பாதைக்குக் கட்டிக்கொடுத்த கே-36 வகை எஞ்சினின் டெண்டர் 5,000 கேலன் பிடிக்கும். அந்தக் கணக்கில் ஒரு தொட்டி பத்து டெண்டர்களை நிரப்பும். 12 கால்கள் தாங்கினால் ஒரு காலுக்கு ஏறத்தாழ 16 டன். ஓரடிக்கு ஓரடி கனமுள்ள கட்டைகளைக் கால்களாக நிறுத்தியது இதனால்தான். மாடலில் மெல்லிய குச்சிகளை நிறுத்தினால், கணக்குத் தெரியாதவர் கண்ணுக்கும் என்னவோ உறுத்தும்.

தொட்டியின் சுவர் நெட்டாக நிற்கும் பலகைகளால் ஆனது. அவற்றைச் சேர்த்துப் பிடிப்பது சுற்றியுள்ள இரும்பு வளையங்கள் மட்டுமே. பலகைக்குப் பலகை ஆணியும் இல்லை, பசையும் இல்லை. தண்ணீரில் மரம் ஊறி உப்பி, இடுக்குகள் தானாக அடைபடும். காலியாக விட்டால் மரம் சுருங்கி ஒழுக ஆரம்பிக்கும்.

இனி வளையங்களின் இடைவெளிக்கு வருவோம். ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும். தொட்டி நிரம்பியிருக்கும்போது அடிப்பகுதியில் ஓரடி உயரச் சுவரைப் பிடித்து வைக்கவே வளையங்கள் சுமார் 5 டன் இழுவிசையைத் தாங்க வேண்டும். மேல் விளிம்பில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதனால் கீழே வளையங்கள் நெருக்கமாகவும் மேலே போகப்போக விலகியும் இருக்கும். சம இடைவெளியில் வளையம் போட்ட மாடல்களைப் பார்த்தால் எனக்குக் கை துறுதுறுக்கும், பிரித்துத் திரும்பச் சுற்றலாமா என்று.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பலகைகளின் கீழ்முனை தொட்டியின் தரையைவிடச் சில அங்குலம் கீழே இறங்கியிருக்கும், ஆனால் எதன் மேலும் உட்காராது. பாரம் முழுவதும் தரைப்பலகை வழியாக அதன் அடியில் உள்ள சட்டங்களுக்குப் போகிறது. ஆகவே சட்டங்களின் முனைகள் பலகை வட்டத்துக்கு உள்ளேயே நின்றுவிட வேண்டும்.

கடைக்குப் போகும்போது

கட்டடக்கலை மாணவர்கள் பொருள் வாங்கும் ஸ்டேஷனரி கடைதான் நமக்குச் சரியான இடம். 5 மி.மீ. சன்போர்டு (இலேசான நுரைப்பலகை), 1 மி.மீ. அட்டை, பால்சா அல்லது பாஸ்வுட் குச்சிகள் அங்கே கிடைக்கும். பால்சா மலிவு, வெட்டவும் சுலபம். ஆனால் ரோமம் ரோமமாகப் பிசிறு நிற்கும். கால்களுக்காவது பாஸ்வுட் வாங்குங்கள். 3.5 மி.மீ. கிடைக்கவில்லையென்றால் 4 மி.மீ. எடுங்கள், 3 வேண்டாம். சுவர்ப் பலகைகளுக்கு பிளைவுட் கடையில் அரை மி.மீ. வெனீர் (தாள் போல மெல்லிய மரம்) துண்டுகள் கேளுங்கள், சாம்பிள் துண்டே போதும். வளையத்துக்கு மோட்டார் வைண்டிங் கடையில் 32 கேஜ் செப்புக் கம்பி கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். அதன் தடிமன் 0.27 மி.மீ., எச்ஓவில் ஓர் அங்குலக் கம்பிக்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். வெள்ளை ஃபெவிகால், உலோகத்துக்கு மட்டும் ஃபெவிக்விக், எஃகு ஸ்கேல், கட்டர், காம்பஸ், இடுக்கி. கட்டர் பிளேடுகளில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். மழுங்கிய பிளேடு மரத்தை நசுக்கும், விரலையும் வெட்டும்.

சாயம் முன்னால், பசை பின்னால்

மரத்துக்குச் சாயம் ஏற்றும் வேலையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். பசை பட்ட இடம் சாயம் பிடிக்காது, வெளிறிய திட்டாக நிற்கும். அரை டம்ளர் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சில சொட்டுக் கறுப்பு இந்தியன் இங்க் கலந்தால், வெயிலில் காய்ந்த மரத்தின் சாம்பல் நிறம் வரும். தண்ணீரில் கலந்தால் மெல்லிய மரம் வளைந்துகொள்ளும். வெனீரை மூன்று பங்காகப் பிரித்து ஒன்றை இலேசாக, ஒன்றை நடுத்தரமாக, ஒன்றை அடர்த்தியாக நனையுங்கள். ஒட்டும்போது கலந்து எடுத்தால் சுவர் உயிரோடு இருக்கும். காற்றோட்டமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ விளக்கோ வேண்டாம்.

கால்கள்

84 மி.மீ. வட்டம் ஒன்றை வரைந்து, அதற்குள் நான்குக்கு நான்காக 23 மி.மீ. இடைவெளியில் புள்ளிகள் வையுங்கள். நான்கு மூலைப் புள்ளிகளும் வட்டத்துக்கு வெளியே விழும். அவற்றை விட்டால் மிச்சம் 12. இவைதான் கால்கள். நடு வரிசை இரண்டிலும் நான்கு நான்கு, ஓர வரிசைகளில் இரண்டிரண்டு.

ஒவ்வொரு வரிசையையும் தாளில் முழு அளவில் வரைந்து, மேலே பாலித்தீன் விரித்து, அதன் மீது குச்சிகளை வைத்து ஒட்டுங்கள். ஃபெவிகால் பாலித்தீனில் ஒட்டாது, காய்ந்ததும் அப்படியே உரித்து எடுக்கலாம். கால்களின் தலையில் படுக்கையாக ஒரு 4 மி.மீ. உத்தரம் வரும். நடு வரிசைகளுக்கு 78 மி.மீ. நீளமும் ஓர வரிசைகளுக்கு 44 மி.மீ. நீளமும் போதும். நான்கு வரிசைகளையும் நிறுத்திக் காய்ந்த பிறகு, பெருக்கல் குறி வடிவத்தில் குறுக்குப் பலகைகள் ஒட்டுங்கள். பலகை 2.3 மி.மீ. அகலம், 1 மி.மீ.க்குள் கனம். முனைகளில் ஊசியால் ஒரு குத்து குத்தினால் போல்ட் தலை இருந்த இடம் போலத் தெரியும்.

உத்தரங்களுக்குக் குறுக்காக, 5 மி.மீ. இடைவெளியில் மெல்லிய சட்டங்களைச் செங்குத்தாக நிறுத்தி ஒட்ட வேண்டும். உயரம் 3.5 மி.மீ., கனம் 1 மி.மீ. மேலே சொன்ன நுணுக்கம் இங்கேதான் கைக்கு வருகிறது. 80 மி.மீ. வட்டம் ஒன்றை அட்டையில் வெட்டிச் சட்டங்களின் மேல் வைத்து, வெளியே நீட்டும் முனைகளையெல்லாம் நறுக்கிவிடுங்கள்.

உருளையும் பலகைகளும்

சன்போர்டில் 81 மி.மீ. விட்டமுள்ள வட்டங்கள் மூன்று. நடுவில் துளையிட்டு ஒரு பென்சிலில் கோத்து, மேலே ஒன்று, நடுவே ஒன்று, கீழே ஒன்று என 54 மி.மீ. உயரத்துக்கு நிறுத்துங்கள். சுற்றிலும் 1 மி.மீ. அட்டையை ஒட்ட வேண்டும். அட்டை மடியாமல் வளைய, உள்பக்கம் 5 மி.மீ.க்கு ஒரு கோடாகப் பிளேடு நுனியால் மெல்லக் கீறிக்கொள்ளுங்கள். ரப்பர் பேண்டு போட்டு ஓரிரவு விட்டால் 83 மி.மீ. உருளை தயார். வெனீர் ஏறியதும் 84 ஆகிவிடும்.

வெனீரின் பின்பக்கம் மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு வெட்டினால் பிளவுபடாது. மரத்தின் ரேகை நெடுக்குவாட்டில் ஓட வேண்டும். 1.75 மி.மீ. அகலம் என்றால் அசலில் ஆறு அங்குலப் பலகை. நீளம் 56 மி.மீ. சுற்றி வர 150 பலகை பிடிக்கும். கேட்க மலைப்பாக இருக்கும், பாட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு மாலையில் முடிகிற வேலைதான். வெனீர் தாளை முழுசாகச் சுற்றிக் கோடு மட்டும் கீறும் குறுக்குவழியும் இருக்கிறது. பக்கவாட்டு வெளிச்சத்தில் அது காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

ஒட்டும் முன் உருளையில் 20 மி.மீ.க்கு ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிடுங்கள். ஒவ்வொரு பலகையும் மயிரிழை சாய்ந்தால் முப்பதாவது பலகையில் சாய்வு பளிச்சென்று தெரியும். கோட்டை எட்டும்போதெல்லாம் நிமிர்த்திக்கொள்ளலாம். கீழே பலகைகள் உருளையைவிட 1 மி.மீ. இறங்கி நிற்கட்டும். மேலே மிஞ்சும் 1 மி.மீ.ஐக் கூரை மறைத்துவிடும். கடைசிப் பலகை சரியாகப் பொருந்தாது. அதை அளந்து ஒல்லியாக வெட்டி, பார்வையாளருக்கு எதிர்ப்புறம் வரும்படி வைத்துவிடுங்கள்.

வளையம்

கம்பியைச் சுற்றும் முன் அதன் பளபளப்பைப் போக்க வேண்டும். உப்புத்தாளால் ஒருமுறை உருவி, கரும்பழுப்பு அக்ரிலிக் பெயிண்டைத் துணியில் தொட்டு இழுத்துவிடுங்கள். கீழ் விளிம்பிலிருந்து 2.5 மி.மீ. உயரத்தில் முதல் வளையம். அதற்கு மேல் இடைவெளிகள் 2, 2, 2.5, 2.5, 3, 3, 3.5, 4, 4.5, 5, 5.5, 6, 6 மி.மீ. மொத்தம் 14 வளையங்கள். இது நான் வகுத்த வரிசை. நீங்கள் கட்டும் தொட்டியின் தெளிவான படம் கிடைத்தால் அதில் எண்ணிப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் அட்டைத் துண்டில் இந்த உயரங்களைக் குறித்து, அதைத் தொட்டியின் மேல் நகர்த்தி நகர்த்தி நான்கைந்து இடத்தில் புள்ளி வைத்தால் வளையம் ஏறி இறங்காது.

வளையத்தின் இரு முனைகளையும் சேர்த்து முறுக்கும் இரும்புப் பூட்டு அசலில் தடித்துத் தெரியும். மாடலில் 1 மி.மீ. பிளாஸ்டிக் துணுக்கு போதும், கம்பி முனைகள் அதன் அடியில் ஒளிந்துகொள்ளும். பூட்டுகளை ஒரே நேர்கோட்டில் அடுக்காமல், வளையத்துக்கு வளையம் கொஞ்சம் தள்ளித்தள்ளி வையுங்கள். ஃபெவிக்விக்கை ஊசி நுனியால் மட்டும் தொட்டு வையுங்கள். வழிந்தால் மரத்தில் வெள்ளை பூத்துவிடும்.

கூரை

கூம்பு என்றதும் பயப்பட வேண்டாம். கூரை, சுவரைவிட ஓரடி வெளியே நீண்டு, நடுவில் 5 அடி எழும்புவதாக வைத்துக்கொள்வோம். அடி ஆரம் 45.5 மி.மீ., உயரம் 17.5 மி.மீ. என்றால் சாய்வு நீளம் 48.7 மி.மீ. அந்த ஆரத்தில் அட்டையில் ஒரு வட்டம் வெட்டி, 24 டிகிரி துண்டை நீக்கிவிட்டு விளிம்புகளைச் சேர்த்தால் கூம்பு கிடைக்கும். வேறு அளவு வேண்டுமென்றால், அடி ஆரத்தைச் சாய்வு நீளத்தால் வகுத்து 360ஆல் பெருக்குங்கள். வைத்துக்கொள்ள வேண்டிய கோணம் வந்துவிடும்.

மர ஓடுகளுக்குப் பழுப்புக் காகிதம் போதும். 3 மி.மீ. பட்டையாக வெட்டி, ஒரு விளிம்பில் சீப்புப் பல்லைப் போலச் சிறுசிறு கீறல் போட்டு, கூரையின் கீழ் விளிம்பிலிருந்து மேல்நோக்கி ஒட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையைப் பாதி மூடட்டும். உச்சியில் ஓர் உருண்டைப் பாசிமணி, ஓரமாக ஆள் இறங்கும் மூடி, அதுவரை போகும் ஏணி. ஏணியைக் கடைசியில் ஒட்டுங்கள், இல்லாவிட்டால் கை பட்டு உடைந்துகொண்டே இருக்கும்.

குழாய், எடைக்கல், அளவுப் பலகை

டெண்டருக்குத் தண்ணீர் விடும் குழாய்க்கு, மை தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபில் பொருத்தமான தடிமன். 37 மி.மீ. நீளம் வெட்டி, நன்றாகக் கழுவி, வெள்ளீயச் சாம்பல் நிறம் பூசுங்கள். வேலையில்லாதபோது குழாய் மேல்நோக்கித் தூக்கித்தான் நிற்கும். கப்பி வழியாகத் தொங்கும் எடைக்கற்கள் அதைத் தூக்கிப் பிடித்திருக்கும். டெண்டர் மேல் ஏறி நிற்கும் ஃபயர்மேன், அதாவது எஞ்சினின் நெருப்பைக் கவனிக்கும் ஊழியர், கயிற்றைப் பிடித்துக் கீழே இழுப்பார். ஆகவே இரண்டு கப்பிகள், இரண்டு எடைக்கற்கள், தொங்கும் ஒரு கயிறு இவற்றை விட்டுவிடாதீர்கள். எடைக்கல் இல்லாமல் அந்தரத்தில் தூக்கி நிற்கும் குழாயை விஷயம் தெரிந்தவர்கள் உடனே கவனிப்பார்கள்.

சுவரின் வெளிப்பக்கம் ஒரு நெட்டையான அளவுப் பலகை இருக்கும். உள்ளே மிதவை, அதிலிருந்து கப்பி வழியாக வெளியே வரும் சங்கிலி, அதன் முனையில் ஒரு முள். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், வெளியே முள் இறங்கும். அதனால் தொட்டி நிரம்பியிருப்பதாகக் காட்ட வேண்டுமென்றால் முள்ளைக் கீழே வையுங்கள். எண்களும் தலைகீழ் வரிசையில்தான் வரும்.

தொட்டியின் அடியில் நடுவாக, தரையிலிருந்து தொட்டி வரை ஒரு சதுர மரப்பெட்டி வேண்டும், 12 மி.மீ. அகலம் போதும். தண்ணீர் ஏறும் குழாய் குளிரில் உறைந்துவிடாமல் இருக்கப் போட்ட உறை அது. கால்களுக்கு இடையே வெளிச்சம் ஊடுருவித் தெரிந்தால் இது விடுபட்டுவிட்டது என்று அர்த்தம்.

பழமை ஏற்றுதல்

ஒழுகாத மரத்தொட்டி கிடையாது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி ஒழுகாது. நாலைந்து இடுக்குகளைத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து கீழ்நோக்கி நீர்த்த இங்க்கை மெல்லிய தூரிகையால் இறக்குங்கள். நடுவே ஒன்றிரண்டு இடத்தில் வெள்ளைப் படிவு, தண்ணீரில் உள்ள உப்புகள் காய்ந்தது. வளையங்களுக்குக் கீழே துருக் கோடு, இலேசாக. பெயிண்ட் அடித்த தொட்டியா, வெறும் மரமா என்பதை நீங்கள் எடுத்துக்கொண்ட ஆண்டின் புகைப்படத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரே தொட்டி இருபது வருடத்தில் வேறு மாதிரி ஆகியிருக்கும்.

லேஅவுட்டில் வைப்பது

கால்களின் அடியில் சிறிய சிமெண்ட் பாதங்கள் வைத்து, அவை பாதி புதையும்படி மண்ணை அணைத்துவிடுங்கள். தரைக்கு மேல் மிதக்கும் கட்டுமானம் எத்தனை நன்றாகச் செய்திருந்தாலும் எடுபடாது. குழாய் கவிழும் இடத்தில் ஜல்லி எப்போதும் ஈரம். அங்கே கருமையும் கொஞ்சம் பச்சையும் சேருங்கள். சுற்றிலும் வறண்ட நிலம் என்றால் இந்தப் பச்சைத் திட்டு இன்னும் நன்றாக எடுபடும்.

தொட்டியை நிரந்தரமாக ஒட்டும் முன் எஞ்சினை நிறுத்தி, டெண்டரின் தண்ணீர் மூடி குழாய்க்கு நேராக வருகிறதா என்று பாருங்கள். எஞ்சின் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறதோ அதைப் பொறுத்து இடம் மாறும், இரண்டு திசையிலும் சோதிக்க வேண்டும். கூரையை மட்டும் ஒட்டாமல் சும்மா உட்கார வைத்துவிடுங்கள். கப்பி நூல் அறுந்தாலோ, பின்னால் உள்ளே ஒரு விளக்கு வைக்கத் தோன்றினாலோ திறந்துகொள்ளலாம்.